யாருக்கும் ஒன்றுமில்லாத ஊர்

அந்த ஊரின் பெயரை நான் சொல்ல மாட்டேன். வடகவுஞ்சிக்கு மேலே, வெள்ளைப்பூண்டும் பீன்ஸும் போடுகிற ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரைச் சொன்னால் அங்கே பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். கொடுக்கல் வாங்கல்தான் அவர்களுக்கு உலகம். முருகம்மாளை அவர்கள் நம்பவைத்துக் கழுத்தறுத்ததும் அதற்காகத்தான். எனக்கு அந்த ஊர்மேல் உள்ள கோபம் இன்றைக்கும் தீரவில்லை. தீர வேண்டும் என்று நான் ஜெபம் செய்ததும் இல்லை.

நான் அருள்மேரி. கொடைக்கானலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், காசநோய்ப் பிரிவில் ஊசி போடுகிறவளாக இருந்தேன். படித்த நர்ஸ் இல்லை. ஆனாலும் மலைக்காரர்கள் எல்லோருக்கும் நான் நர்சம்மாதான். முருகம்மாள் என்னிடம் முதலில் வந்தது எழுபத்தாறில். ரத்தம் துடைத்த முந்தானையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பூண்டு ஏற்றி வந்த லாரியில் தனியாக ஏறி வந்திருந்தாள்.

"ஏம்மா, வீட்டு ஆம்பளை எங்க?" என்றேன்.

"அவருக்குப் பூண்டு புடுங்குற சோலி கெடக்கு நர்சம்மா. நான் செத்த பொறவு கட்டாயம் வருவாரு" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ரத்தம் துப்புகிற ஒருத்தி சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை. அன்றைக்கே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அந்தக் காலத்தில் காசநோய்க்கு ஒன்றரை வருஷம் மருந்து சாப்பிட வேண்டும். நடுவில் விட்டால் நோய் இன்னும் முரடாகத் திரும்பி வரும். அப்புறம் அதே மாத்திரை கேட்காது. எத்தனையோ பேர் இருமல் நின்றதும், "சரியாப்போச்சு" என்று போய்விடுவார்கள். முருகம்மாள் விடவில்லை. மழையோ பனியோ, ஊசிக்கு வந்துவிடுவாள். ஊசி போட்ட இடம் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. நின்றபடியே ஊர் வம்பெல்லாம் என்னிடம் கொட்டிவிட்டுப் போவாள். எழுபத்தெட்டில் எங்கள் டாக்டரம்மா எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இனி வர வேண்டியதில்லை என்று சொன்னார். டாக்டரம்மா வெள்ளைக்காரி, தமிழைப் பைபிளில் கற்றவர். மறுவாரமும் முருகம்மாள் வந்து நின்றாள். அவள் பின்னால் அவள் ஊரிலிருந்து இருமுகிறவர்கள் ஒரு கூட்டமாக நின்றார்கள்.

அதன் பிறகு அவளுக்கு அதுவே வேலையாகிவிட்டது. எந்த வீட்டில் இருமல் கேட்டாலும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாள். ஆளை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பாமல் எழுந்திருக்க மாட்டாள்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கக் கடல் கடந்து ஒரு சங்கம் பணம் அனுப்பிக்கொண்டிருந்தது. எழுபத்தொன்பதில் அவர்கள் கை கழுவிவிட்டார்கள். எண்பத்தொன்று கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் பணம், அப்புறம் உங்கள் அரசாங்கத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியனுப்பினார்கள். அரசாங்க மருந்து இல்லாமல் இல்லை. கீழே மதுரையில் இருந்தது. எங்கள் மலைக்காரன் ஒருவன் வெள்ளனே கிளம்பி, மலையிறங்கி, மதுரை போய், வரிசையில் நின்று மாத்திரை வாங்கித் திரும்ப வேண்டும். நெஞ்சில் பாதி அரித்துப்போனவன் மாசா மாசம் அதைச் செய்வானா? டாக்டரம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். மலை ஊர்களுக்கு அரசாங்கச் செலவில் ஒரு மருந்து வண்டி வேண்டும், வருஷம் முழுக்க அதில் மருந்து இருக்க வேண்டும், அதற்கு பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் முருகம்மாள், "நீங்க கேட்டா வெள்ளைக்காரி எதுக்கோ கேக்குறானு நெனைப்பாங்க டாக்டரம்மா. வியாதி வந்தவ நானு. நான் கேக்குறேன்" என்றாள்.

கேட்டாள். அவள் கேட்காத ஆள் இல்லை. மதுரை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிற நாளில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் காலையிலிருந்து நிற்பாள். ஓட்டுக் கேட்டு வந்தவர்களை மறித்தாள். சீசனுக்குக் கொடைக்கானல் வந்த ஒரு பெரிய அதிகாரி குடும்பத்தோடு ஏரியில் படகில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் கரைக்கு வருகிற வரைக்கும் இவள் படகுத்துறையில் நின்றாள். அவர் இவளைப் பார்த்துவிட்டு இன்னொரு சுற்றுப் போகச் சொன்னார். இவளும் அசையவில்லை. கடைசியில் குழந்தைகள் பசிக்கிறது என்று அழுததால் மனுஷன் இறங்கித்தான் ஆக வேண்டியிருந்தது.

எல்லோரிடமும் அவள் பேசுகிற பேச்சு ஒன்றுதான். உலகத்து அரசாங்கங்களெல்லாம் சேர்ந்து காசு போட்டதால்தான் பெரியம்மை ஒழிந்தது என்று டாக்டரம்மா ஒருநாள் சொல்லியிருந்தார். அதை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மைய ஒழிக்க வீடு வீடா ஏறி வந்தீங்கள்ல. காட்டுல களை எடுத்துக்கிட்டிருந்தவளத் தேடி வந்து கையில குத்திட்டுப் போனாங்கய்யா. அப்ப எங்க மலைக்கு வழி தெரிஞ்சுச்சு. இருமலுக்கு மட்டும் ஏன் வழி தெரிய மாட்டேங்குது?"

 மனுவை வாங்கி மேஜைமேல் போட்டுவிட்டு, "பார்க்கலாம்மா" என்பார்கள்.

எண்பது கடைசியில் அவள் மகள் வள்ளிக்கு இருமல் வந்தது. பத்தொன்பது வயசுப் பெண். சளியை எடுத்துப் பார்த்தோம், அதேதான். முருகம்மாள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. விரலை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு, "நர்சம்மா, எண்பத்தொன்னு கிறிஸ்துமஸோட மருந்து நின்னுபோகும்ல? எம்மகளுக்கு முழுசாப் பத்தாதே" என்றாள்.  அதற்குள் அரசாங்க வண்டி வந்துவிடும் என்று சொன்னேன்.

எண்பத்தொன்று மாசியில் கேட்டதற்குப் பலன் கிடைத்த மாதிரி இருந்தது. சென்னையிலிருந்து ஒரு குழு வரப்போகிறது, மலை ஊரை நேரில் பார்த்து வண்டி தேவைதான் என்று அவர்கள் எழுதினால் பணம் ஒதுக்கப்படும் என்று செய்தி வந்தது. எந்த ஊரைக் காட்டலாம் என்று எங்களைக் கேட்டார்கள்.

"எங்க ஊரக் காட்டுங்க. வீட்டுக்கு ஒரு இருமல் கெடக்கு. வேற எங்கயும் போய்த் தேட வேண்டாம்" என்றாள் முருகம்மாள்.

ஊருக்குப் போய் வீடு வீடாகச் சொன்னாள். நோயாளிகள் எல்லோரும் அவரவர் வீட்டு வாசலில் இருக்க வேண்டும், கேட்டதற்கு வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் புருஷன் அழகுமலைதான் அந்த ஊருக்குப் பெரியதனம். திருவிழா, பஞ்சாயத்து, நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவன் சொல்தான். அவனே, "நம்ம ஊரைத் தேடி கவர்மெண்டு வருது. ஊரை நான் பார்த்துக்கிடுறேன். நீ போய் அவங்களக் கூட்டிட்டு வா" என்று அவளை முந்தின நாளே கொடைக்கானலுக்கு அனுப்பிவைத்தான். கட்டின நாளிலிருந்து அவன் அவளிடம் இவ்வளவு பிரியமாகப் பேசியதில்லையாம். என்னிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனாள்.

மறுநாள் குழுவோடு ஜீப்பில் டாக்டரம்மாவும் நானும் அவளும் போனோம். ஊர் எல்லையிலேயே மேளம் கேட்டது. வாழைமரம் கட்டித் தோரணம் போட்டிருந்தார்கள். தெருவெல்லாம் சாணி தெளித்துக் கோலம். பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். அழகுமலை வெள்ளை வேட்டியில் மாலையோடு முன்னால் நின்றான்.

"பார்த்தீங்களா நர்சம்மா, எங்க ஆளுக மரியாத தெரிஞ்சவங்க" என்று முருகம்மாள் என் கையை அழுத்தினாள்.

இறங்கி நடக்க நடக்க அவள் முகம் மாறியது. ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்தாள். எந்த வாசலிலும் நோயாளி இல்லை. என்னிடம் ஊசிக்கு வருகிற சின்னத்தாயி வீட்டுத் திண்ணை காலியாக இருந்தது. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிற பொன்னுச்சாமி வீட்டில் யாரோ ஒரு கொழுத்த பையன் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தான். இருமல் சத்தமே கேட்கவில்லை. அந்த ஊரில் நான் அப்படி ஒரு அமைதியைக் கண்டதில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும் நோயாளிகளும் தீட்டுக்காரர்களும் ஊர் எல்லைக்குள் இருக்கக் கூடாது. பூண்டுக் காட்டுக் குடிசைகளுக்குப் போய்விட வேண்டும். சாமி ஊரைச் சுற்றி வந்து கோயிலுக்குள் போன பிறகுதான் திரும்பலாம். வருகிற சாமி ஊரைச் சுத்தமாகப் பார்க்க வேண்டுமாம். அழகுமலை அரசாங்கத்துக்கும் அதே மரியாதையைச் செய்துவிட்டான். வியாதியைப் பார்க்க வந்தவர்களுக்கு வியாதிக்காரன் ஒருவன்கூடக் கண்ணில் படாமல் ஊரையே துடைத்துவைத்திருந்தான்.

குழுத் தலைவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். காப்பியைக் குடித்துக்கொண்டே, "இவ்வளவு சுத்தமான ஊரை நான் பார்த்ததே இல்லை. இந்தக் காத்துக்கே வியாதி ஓடிப்போயிடுமே" என்றார்.

"எங்க ஊர்ல யாருக்கும் ஒண்ணும் இல்லைங்கய்யா. சாமி புண்ணியம்" என்றான் அழகுமலை.

முருகம்மாள் அவன் முன்னால் போய் நின்றாள். "ஏங்க, என்ன பேசுறீங்க? ஆளுகள எங்க?"

"வந்தவங்க முன்னாடி ஊரைக் காட்டிக்குடுக்காத" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். அவள் ஊரைக் காட்டிக்கொடுக்கிறாளாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் காப்பி டம்ளரை அவன் மூஞ்சியில் எறிந்திருப்பேன். பக்கத்தில் டாக்டரம்மா இருந்தார்.

முருகம்மாள் தலைவரிடம் திரும்பி, "அய்யா, மேல காட்டுல கெடக்காங்கய்யா. செத்த நேரம் இருங்க, கூட்டிட்டு வர்றேன்" என்றாள். அவர் மேட்டைப் பார்த்தார், தன் பூட்ஸைப் பார்த்தார், நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். இவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேட்டில் ஓடினாள். பாதி நுரையீரலை நோய்க்குக் கொடுத்தவள் ஓடுகிற ஓட்டமா அது.

திரும்பி வரும்போது வள்ளி மட்டும்தான் கூட வந்தாள். மற்றவர்கள் குடிசைக் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். வள்ளியையும் கையைப் பிடித்து இழுத்துத்தான் வந்திருந்தாள். அந்தப் பெண் தாவணி முனையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது.

"உனக்கு என்னம்மா செய்யுது?" என்று தலைவர் கேட்டார்.

வள்ளி அவள் அப்பனைப் பார்த்தாள். அவனும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் இல்லைங்க. ஓடி வந்ததுல மூச்சு வாங்குது" என்றாள்.

"வள்ளி, என்னடி சொல்ற? உன் உசுருடி" என்றாள் முருகம்மாள்.

"விடும்மா. ஊர் முன்னாடி அசிங்கப்படுத்தாத."

நான் பொறுக்க முடியாமல் முன்னால் போனேன். "சார், இந்தப் புள்ளைக்கு நான்தான் ஊசி போடுறேன். இவளுக்கு டி.பி. இருக்கு. இந்த ஊர்ல நெறைய பேருக்கு இருக்கு."

அவர் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க மிஷன் ஆள்தானே? உங்களுக்கு வர்ற வெளிநாட்டுப் பணம் நிக்கப்போகுது. கவர்மெண்டுப் பணம் வந்தா நல்லாயிருக்கும். புரியுதும்மா" என்றார்.  டாக்டரம்மா ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் அவர் எழுந்துவிட்டார். ஜீப் கிளம்பும்போது மறுபடியும் மேளம் அடித்தார்கள். நான் அதில் ஏறாமல் ஊரிலேயே நின்றுகொண்டேன்.

ஜீப் வளைவு திரும்பியதும் காட்டுக் குடிசைகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். இருமல் சத்தமும் கூடவே இறங்கி வந்தது. முருகம்மாள் நடுத்தெருவில் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தரும் அவள் பக்கம் வரவில்லை. அழகுமலை மட்டும் வந்து நின்றான்.

"பாச்சலூர்ல இருந்து வள்ளியப் பொண்ணு பார்க்க அடுத்த வாரம் வர்றாங்க. கவர்மெண்டே வந்து டி.பி. ஊருனு எழுதிட்டுப் போனா இந்த ஊர்ல எந்தப் பொண்ணு கரையேறும்? நீயே சொல்லு" என்றான்.

"கரையேற மொதல்ல உசுரு வேணும்யா" என்றாள் அவள்.

அந்த வருஷம் மலைக்கு வண்டி வரவில்லை. பணம் மலைக்குக் கீழே வேறு எங்கோ போயிற்று என்று கேள்விப்பட்டோம். கிறிஸ்துமஸோடு எங்கள் மருந்தும் தீர்ந்தது. தை பிறந்ததும் வள்ளிக்குக் கல்யாணம். சென்னையிலிருந்து குழுவே வந்து ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டுப் போன ஊர் என்று மாப்பிள்ளை வீட்டில் பெருமையாகச் சொன்னார்களாம்.

முருகம்மாள் மகள்மேல் கோபித்துக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. மாசம் ஒரு தடவை மதுரைக்குப் போய் மாத்திரை வாங்கி, முறுக்குப் பொட்டலத்துக்குள் வைத்துப் பாச்சலூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒருநாள் மாமியார்க்காரி மாத்திரையைக் கண்டுபிடித்துவிட்டாள். தலைவலிக்கு என்று வள்ளி சமாளித்தாள். அடுத்த தடவை போனபோது, "இனிமே கொண்டு வராதம்மா. அவரு ஒரு மாதிரியாப் பார்க்குறாரு. எனக்குத்தான் இப்ப இருமல் இல்லையே" என்று பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன் என்று முருகம்மாள் என்னிடம் சொன்னாள்.

எண்பத்து மூன்று கடைசியில் வள்ளியை பஸ்ஸில் ஏற்றி அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன். பாய்க்கும் அவளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பழைய மாத்திரை கேட்கவில்லை; புது மருந்து எங்கள் கைக்கு எட்டாத விலை. மறு வருஷம் சித்திரையில் அந்தப் பெண் போய்ச் சேர்ந்தாள்.

சாவு வீட்டில் பாச்சலூர்க்காரர்கள் கத்தினார்கள். நோயை மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டீர்கள் என்று ஊரைக் கூட்டினார்கள். அழகுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் சொன்னான்:

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தாயும் மகளும் சேர்ந்து மறைச்சுட்டாளுக."

அவனுக்கு நாக்கு அழுகிப்போகவில்லை. ஊரும் அவன் சொன்னதற்கு ஆமாம் போட்டது. முருகம்மாள் ஒவ்வொருத்தரையும் கைபிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து உயிரைக் காப்பாற்றிய ஊர் அது. சின்னத்தாயி ஆமாம் என்றாள். பொன்னுச்சாமி ஆமாம் என்றான். மகளின் பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முருகம்மாள் அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மாற்றுச் சேலையோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சமையல்கட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். மனு எழுதுவதையும் மருந்து வண்டிப் பேச்சையும் அதோடு விட்டுவிட்டாள்.

எண்பத்தாறில் அழகுமலை வந்தான். கூட ஊர்ப் பெரியவர்கள் சிலர். அவன் வாயில் துண்டு. அவன் இருமியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஊர்ல சின்னஞ்சிறுசு எல்லாம் இருமுது முருகம்மா. உனக்குத்தான் எங்க கேக்கணும், எப்படிக் கேக்கணும்னு தெரியும். இன்னொரு தடவை வண்டி கேளு" என்றான்.

விரட்டிவிடுவாள் என்று நினைத்தேன். விளக்குமாற்றைத் தேடிக்கூட எடுத்துவைத்திருந்தேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றாள்.

"நான் கேக்க மாட்டேன். நீங்க கேளுங்க. கூட வர்றேன். வள்ளிக்கு இருந்துச்சு, மறைச்சோம், செத்துப்போனானு உங்க வாயால அங்க சொல்லணும்."

"சொல்றேன். சாமி சத்தியமாச் சொல்றேன்" என்றான்.

அதற்குள் மாவட்டம் பிரிந்து, கலெக்டர் ஆபீஸ் திண்டுக்கல்லுக்கு வந்திருந்தது. நானும் கூடப் போனேன். வரிசையில் எங்கள் பின்னால் பாச்சலூர்ப் பக்கத்து ஆட்கள் சிலர் வேறு சோலியாக நின்றிருந்தார்கள். அழகுமலை அவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவனுக்குக் கல்யாணம் ஆக வேண்டிய மகன் ஒருவன் இருந்தான்.

அதிகாரி மனுவைப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல யார் யாருக்கு இருக்கு?" என்று கேட்டார்.

அழகுமலை வாயிலிருந்த துண்டை எடுத்தான். முருகம்மாள் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"எங்க ஊர்ல யாருக்கும் இல்லைங்கய்யா. அக்கம்பக்கத்து ஊர்க்காரங்களுக்காகத்தான் கேக்குறோம்" என்றான்.

"அப்ப அந்த ஊர்க்காரங்க வந்து கேக்கட்டும்" என்று அதிகாரி மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் முருகம்மாளைப் பார்த்தேன். படகுத்துறையில் நின்றவள், கலெக்டரைக் கேள்வி கேட்டவள், ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி நடந்தாள். பஸ் ஸ்டாண்டில் அழகுமலை தூணைப் பிடித்துக்கொண்டு இருமினான். துண்டில் சிவப்பாகத் தெரிந்தது. நான் அவளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏ முருகம்மா, நீயாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல. இந்தா இருக்கான் உன் புருஷன். இவனையே காட்டியிருக்கலாம்ல."

"எம்மகள இழுத்துட்டு வந்து காட்டுனேன் நர்சம்மா. உசுரோட நின்னா. அப்பயே அவ எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொன்னா" என்றாள். பிறகு புருஷன் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "இவருக்கும் ஒண்ணும் இல்லையாம்ல. விடுங்க, ஊருக்குப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, கொடைக்கானல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.